பாதி சவரத்தில் மடங்கிய கத்தி: அறவழிப் போராட்டம் எப்படி வேலை செய்கிறது?

1930. வேதாரண்யத்தில் உப்புச் சத்தியாகிரகம் நடந்துகொண்டிருந்த காலம். அந்த ஊரில் முடிதிருத்தும் தொழில் செய்த வைரப்பன், சத்தியாகிரகிகளை அடிக்கும் போலீசாருக்குச் சவரம் செய்வதில்லை என்று முடிவு எடுத்திருந்தார். ஒருநாள் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருக்கிறார். பாதி முகம் முடிந்த பிறகுதான் எதிரே உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரியவருகிறது. கத்தியை மடக்கிவிட்டார். மீதியைச் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அங்கேயும் அவர் மசியவில்லை. சிறைக்குப் போனார். இன்றைக்கும் வேதாரண்யத்தில் அவருக்கு ஒரு நினைவுத் தூண் நிற்கிறது.

இந்தச் சம்பவத்தில் நான் அடிக்கடி யோசிக்கும் ஒரு விஷயம் உண்டு. அந்த நிமிடத்தில் வைரப்பன் கையில் இருந்தது சவரக் கத்தி. அது போலீஸ்காரரின் கழுத்துக்கு நாலு விரற்கடை தூரத்தில் இருந்தது. அவர் என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். ஆனால் அந்தக் கத்தியால் அவர் ஒரு கீறல்கூடப் போடவில்லை. அதே சமயம், "நமக்கேன் வம்பு" என்று மீதிச் சவரத்தை முடித்து அனுப்பவும் இல்லை. காயப்படுத்தவும் மாட்டேன், வேலை செய்யவும் மாட்டேன். இந்த இரண்டு "மாட்டேன்"களும் சேர்ந்த இடம்தான் அறவழிப் போராட்டம். இதில் எது ஒன்று விட்டுப்போனாலும் அது வேறு ஏதோவாகிவிடும்.

தமிழில் இதை "அமைதிவழிப் போராட்டம்" என்றும் சொல்கிறோம். எனக்கு அந்தச் சொல்லில் கொஞ்சம் வருத்தம் உண்டு. அமைதி என்றதும் சும்மா இருப்பது, சகித்துக்கொள்வது, அடித்தால் வாங்கிக்கொண்டு போவது என்று மனசு ஓடிவிடுகிறது. முதல்முறையாக இதைப் பற்றிக் கேட்கும் இளைஞர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வியும் அதுதான்: "அடி வாங்கிக்கொண்டே இருந்தால் அநியாயம் எப்படிப் போகும்?" நியாயமான கேள்வி. அடி வாங்குவதால் மட்டும் எந்த அநியாயமும் போனதில்லை. அப்படியானால் எதனால் போகிறது என்று பார்ப்போம்.

அதிகாரம் எங்கே இருக்கிறது?

வேதாரண்யத்துக்கே திரும்புவோம். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து புறப்பட்டார்கள். கிட்டத்தட்ட 150 மைல் நடை. கடற்கரையில் உப்பு அள்ளுவதுதான் திட்டம். கடல் கொடுக்கும் உப்பை ஒருவர் தன் கையால் எடுப்பது அன்றைய சட்டப்படி குற்றம். உப்பு அரசின் ஏகபோகம். கூழ் குடிப்பவனும் அதற்கு வரி கட்டியாக வேண்டும்.

அப்போது தஞ்சாவூர் கலெக்டராக இருந்தவர் தார்ன் என்ற ஆங்கிலேயர். புத்திசாலி. அவர் நடைபயணிகளை நேரடியாகத் தடுப்பதற்கு முன் இன்னொரு காரியம் செய்தார். வழியில் இவர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று உத்தரவு போட்டார். நடப்பவர்களை விட, அவர்களுக்குச் சோறு போடும் கைகள்தான் முக்கியம் என்று அவருக்குப் புரிந்திருந்தது. ஊர் மக்களுக்கும் அது புரிந்திருந்தது. சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஆற்றங்கரையில் புதைத்து வைத்து, இடம் தெரிய அடையாளமும் வைத்தார்கள். யார் கொடுத்தது? மரம் கொடுத்தது. எந்த மரத்தைப் பிடித்து ஜெயிலில் போடுவது?

ஏப்ரல் 28 அன்று படை வேதாரண்யம் சேர்ந்தது. 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார். அரசின் மேல் மக்களுக்குப் பற்று என்று ஏதாவது இருந்திருந்தால் அது இப்போது செத்துப்போய்விட்டது என்ற பொருளில் கலெக்டர் தார்னே மேலிடத்துக்கு எழுதினார்.

இங்கேதான் இந்தச் சிந்தனையின் ஆணிவேர் இருக்கிறது. அதிகாரம் என்பது அரண்மனையிலோ கோட்டையிலோ பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் பொருள் கிடையாது. அது தினமும் கீழேயிருந்து மேலே போய்க்கொண்டே இருக்கிறது. வரி கட்டும் கை, கோப்பு எழுதும் கை, வண்டி ஓட்டும் கை, துணி வெளுக்கும் கை, லத்தி பிடிக்கும் கை. இத்தனை கைகளும் தருவதுதான் அதிகாரம். 16ஆம் நூற்றாண்டில் எத்தியேன் த லா பொயெசி என்ற பிரெஞ்சு இளைஞர் இதை வியப்போடு கேட்டார்: கொடுங்கோலனுக்கும் உங்களைப் போல இரண்டு கண், இரண்டு கைதானே? நீங்கள் கொடுக்காவிட்டால் உங்களை வேவு பார்க்க அவனுக்கு ஏது இத்தனை கண்? உங்களை அடிக்க ஏது இத்தனை கை?

அப்படியானால் அநியாயத்தோடு சண்டை போட முதலில் செய்ய வேண்டியது, அதைத் தாங்கிப்பிடிக்கும் கைகளில் நம்முடையது எது என்று கண்டுபிடிப்பது. அப்புறம் அந்தக் கையை எடுத்துவிடுவது. ஒத்துழையாமை என்றால் இதுதான்.

வைரப்பன் எடுத்தது சின்னக் கை. பெரிய கையும் எடுக்கப்பட்டது. ராஜாஜியின் படை இன்னும் வழியில் நடந்துகொண்டிருந்த ஏப்ரல் 23 அன்று, நாட்டின் மறுகோடியில் பெஷாவர் நகரத்தின் கிஸ்ஸா கவானி கடைத்தெருவில் மக்கள் திரண்டு நின்றார்கள். எல்லை காந்தி எனப்பட்ட கான் அப்துல் கஃபார் கானையும் தோழர்களையும் கைது செய்ததை எதிர்த்து வந்தவர்கள். பட்டாணியர்கள், துப்பாக்கியோடு பிறந்தவர்கள் என்று பெயர் எடுத்த மக்கள். அன்றைக்கு வெறுங்கையோடு நின்றார்கள். ராணுவம் சுட்டது, பலர் செத்தார்கள். ஆனால் கர்வால் ரைஃபிள்ஸ் படையினருக்குச் சுட உத்தரவு வந்தபோது, சந்திர சிங் கர்வாலியும் அவரோடு இருந்த சிப்பாய்களும் சுட மறுத்துவிட்டார்கள். ஆயுதம் இல்லாதவர்களைச் சுட மாட்டோம் என்றார்கள். ராணுவ நீதிமன்றம் சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது.

அந்தக் கூட்டத்திலிருந்து ஒரே ஒரு துப்பாக்கி வெடித்திருந்தால் அந்தச் சிப்பாய்கள் என்ன செய்திருப்பார்கள்? தங்கள் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளச் சுட்டிருப்பார்கள். சுட வேண்டாம் என்று யோசிக்கும் அவகாசத்தை அவர்களுக்குக் கொடுத்தது எதிரே இருந்த வெறுங்கைதான். வன்முறையை ஏன் தவிர்க்க வேண்டும் என்பதற்கு நீதி நூல்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. இந்த ஒரு காரணமே போதும். நாம் கல்லெறிந்தால் எதிர்ப்பக்கத்தில் தயங்கி நிற்பவனும் தன் கூட்டத்தோடு போய் ஒட்டிக்கொள்வான்.

பெயர் வந்த கதை

சத்தியாகிரகம் என்ற சொல் இந்தியாவில் பிறந்ததல்ல. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரத்தில் பிறந்தது.

அந்த நகரம் இருந்த டிரான்ஸ்வால் பகுதியின் இந்தியர்கள் எல்லோரும் குற்றவாளிகளைப் போலக் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 1906இல் ஒரு சட்டம் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று எம்பயர் தியேட்டரில் கூடியவர்கள் பதிவு செய்ய மாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள். வெள்ளைக்காரர்கள் இதைச் "சாத்வீக எதிர்ப்பு" என்கிற அர்த்தத்தில் அழைத்தார்கள். ஆயுதம் இல்லாத பலவீனர்களின் வழி, ஆயுதம் கிடைத்தால் எடுத்துவிடுவார்கள் என்ற தொனி அதில் இருந்தது. காந்திக்கு அது பிடிக்கவில்லை. "இந்தியன் ஒப்பீனியன்" பத்திரிகையில் புதுப் பெயருக்குப் போட்டியே வைத்தார். அவருடைய உறவினர் மகன்லால் காந்தி "சதாக்கிரகம்" என்று எழுதி அனுப்பினார். காந்தி அதைக் கொஞ்சம் மாற்றிச் சத்தியாகிரகம் ஆக்கினார். சத்தியம், ஆக்கிரகம். உண்மையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது என்று பொருள். அகிம்சை என்ற சொல்லே அந்தப் பெயரில் இல்லை, கவனியுங்கள். பிடிவாதம்தான் இருக்கிறது.

1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி மைதானத்தில் ஒரு பெரிய இரும்புக் கொப்பரையில் ஆயிரக்கணக்கான பதிவுச் சான்றிதழ்களைப் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். காகிதம் எரிந்தது. யார் மேலும் ஒரு கீறல் விழவில்லை.

இந்தப் போராட்டத்தின் உச்சம் 1913. அதன் முதுகெலும்பு தமிழர்கள். தென்னாப்பிரிக்காவின் இன்னொரு பகுதியான நாட்டாலில் கரும்புத் தோட்டத்துக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் ஏராளமானோர் தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் கப்பலேறியவர்கள். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கினால் தலைக்கு வருஷம் 3 பவுன் (ஆங்கிலேயப் பணம்) வரி. ஒப்பந்தக் கூலிக்குச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங்கில் தொடங்கிய இடம் அது. 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆறு மாதச் சம்பளம். மனைவிக்கும் தனியாகக் கட்ட வேண்டும், வயது வந்த பிள்ளைகளுக்கும் கட்ட வேண்டும். கட்ட முடியாதவன் மறுபடியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுத் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். வரியின் நோக்கமே அதுதான்.

1913 அக்டோபரில் டிரான்ஸ்வாலைச் சேர்ந்த பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையோடு, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குப் போனார்கள். தொழிலாளர்களிடம் அவர்கள் சொன்னது ஒன்றுதான்: இந்த வரி போகும்வரை வேலைக்குப் போகாதீர்கள். காந்தியின் போராட்டத் தோழர் தம்பி நாயுடுவும் அங்கே இருந்தார். வேலை நிறுத்தம் பற்றிக்கொண்டது. பெண்கள் கைதானார்கள். சுரங்க முதலாளிகள் தொழிலாளர் குடியிருப்புகளில் தண்ணீரையும் விளக்கையும் நிறுத்தினார்கள். குடியிருப்பை விட்டு வெளியே வந்தவர்கள் நடக்க ஆரம்பித்தார்கள்.

நவம்பர் 6 அன்று எல்லையைத் தாண்டி டிரான்ஸ்வாலுக்குள் நுழைந்தவர்களின் கணக்கு இருக்கிறது. ஆண்கள் 2,037 பேர், பெண்கள் 127 பேர், குழந்தைகள் 57 பேர். அனுமதிச் சீட்டு இல்லாமல் அந்த எல்லையைத் தாண்டுவதே குற்றம். ஆளுக்கு நாளைக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை. அவ்வளவுதான் சாப்பாடு. சோறு தின்று வளர்ந்த நம் ஆட்கள் அந்தக் காய்ந்த ரொட்டியையும் ஒரு பிடிச் சர்க்கரையையும் வைத்துக்கொண்டு நடந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். வழியில் ஒரு குழந்தை குளிரில் செத்தது. ஓடையைத் தாண்டும்போது தாயின் கையிலிருந்து நழுவி இன்னொரு குழந்தை செத்தது. அந்தத் தாய்மார்களின் பெயர் எனக்குத் தெரிந்து எந்தக் கல்வெட்டிலும் இல்லை. தில்லையாடி வள்ளியம்மையின் பெயர் மட்டும் நமக்குத் தெரியும். சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் கண் மூடினாள்.

அந்த ஆண்டே 3 பவுன் வரி ஒழிந்தது.

எதிரியின் மனம் மாறியதால் வரி ஒழிந்ததா, நிலக்கரி மேலே வராததால் ஒழிந்ததா? சத்தியாகிரகத்தைப் பற்றிப் பேசும்போது நாம் மனமாற்றத்தையே அதிகம் பேசுகிறோம். என் அபிப்பிராயம், அது பாதிக் கதை. சுரங்கம் நின்றது, அப்புறம் கரும்புத் தோட்டங்களும் நின்றன. பல்லாயிரம் பேர் வேலையை விட்டார்கள். பணம் போட்டவனுக்கு வலித்தது. அந்த வலி இல்லாமல் எந்த மனமும் அவ்வளவு சீக்கிரம் மாறியிருக்காது. ஆனால் மீதிப் பாதிக் கதையும் உண்மைதான். 1914 ஜனவரியில் அங்கே வெள்ளைக்கார ரயில்வே தொழிலாளர்கள் பெரிய வேலை நிறுத்தம் செய்தார்கள். அரசு திணறியது. அதே சமயம் பார்த்து இந்தியர்களும் களத்தில் இறங்கினால் அரசு கவிழும் நிலை. காந்தி தன் நடைபயணத்தைத் தள்ளிவைத்தார். எங்கள் சண்டை இந்த அநியாயத்தோடு, உங்கள் கஷ்டத்தைப் பயன்படுத்திக்கொள்ள வரவில்லை என்றார். அந்த அரசின் அமைச்சர் ஜெனரல் ஸ்மட்ஸின் செயலாளர் ஒருவர், நீங்களும் அந்த வேலைநிறுத்தக்காரர்களைப் போல வன்முறையில் இறங்கினால் உங்களை எப்படி அடக்குவது என்று எங்களுக்குத் தெரியும், ஆனால் நீங்கள் எதிரிக்குக்கூடத் தீங்கு செய்ய மாட்டேன் என்கிறீர்களே என்று அலுத்துக்கொண்டதைக் காந்தி பின்னாளில் எழுதியிருக்கிறார்.

தன் மேல் துன்பத்தை ஏன் ஏற்க வேண்டும்?

இந்தச் சிந்தனையில் புதியவர்களுக்கு ஜீரணிக்கக் கடினமான பகுதி இதுதான். அநியாயம் செய்பவன் அவன், கஷ்டம் மட்டும் ஏன் எனக்கு?

காந்தி சொன்ன பதில்களில் ஒன்று என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. நான் சரி என்று நினைப்பது தவறாகவும் இருக்கலாம். முழு உண்மையும் என் கையில் இருப்பதாக எந்த மனிதனும் சொல்ல முடியாது. நான் கத்தியை எடுத்துவிட்டு, நாளைக்கு நான் நினைத்தது தவறு என்று தெரிந்தால், செத்தவனை எப்படி எழுப்புவேன்? ஆனால் நானே சிறைக்குப் போயிருந்தால், நான் தவறாக இருந்தாலும் நஷ்டம் எனக்கு மட்டும்தான். இது அடக்கத்திலிருந்து வரும் வாதம். தன் பக்க நியாயத்தில் உயிரைக் கொடுக்கும் அளவுக்கு உறுதி, அதே நேரத்தில் தான் தவறாக இருக்கக்கூடும் என்ற எச்சரிக்கை. இந்த இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்திருப்பது லேசான காரியமில்லை.

இதிலிருந்து வேறு சில வழக்கங்களும் வருகின்றன. ஒளிவுமறைவு கூடாது. தண்டிக்குப் புறப்படுவதற்கு முன், என்ன செய்யப் போகிறேன் என்று காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு 1930 மார்ச் 2ஆம் தேதியிட்டுக் கடிதம் எழுதினார். அதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர். சட்டத்தை மீறினால் தண்டனையை ஏற்க வேண்டும், ஓடி ஒளியக் கூடாது. பொதுவாகச் சட்டத்தை மதிக்கிறவன் இந்த ஒரு அநியாயச் சட்டத்தை மட்டும் மீறுகிறான் என்பதை எதிரியும் பார்க்க வேண்டும். வழியும் முடிவும் விதையும் மரமும் போல. வேம்பு விதைத்துவிட்டு மாங்காய்க்குக் காத்திருக்க முடியாது.

உள்ளபடியே சில கடினமான கேள்விகள்

தன்னை வருத்திக்கொள்வதும் சில நேரம் அடுத்தவர் கழுத்தை நெரிக்கும். 1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் காந்தி சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். தாழ்த்தப்பட்ட மக்கள் மட்டுமே ஓட்டுப் போட்டுத் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதி கூடாது என்பது அவர் கோரிக்கை. காந்தி செத்தால் நாடு முழுவதும் தன் மக்கள் மேல் பாயும் என்ற நெருக்கடியில் அம்பேத்கர் செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அது வற்புறுத்தல்தான் என்று அவர் பின்னாளில் கடுமையாகவே சொன்னார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். வலியவன் பட்டினி கிடந்து எளியவனிடம் கேட்பதும், எளியவன் கையை விலக்கி வலியவனிடம் கேட்பதும் ஒன்றல்ல.

இன்னொரு கேள்வி: எதிரி நல்லவனாக இருந்தால்தானே இதெல்லாம்? ஆங்கிலேயன் நாகரிகமானவன், அதனால் பலித்தது என்பார்கள். 1919இல் ஜாலியன்வாலா பாக்கில் அரசுக் கணக்குப்படியே 379 பேரைக் கொன்றவர்களின் நாகரிகத்தைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. அதை விடப் பொருத்தமான கேள்வி, எதிரிக்கு நம் கைகள் தேவையா என்பது. நாட்டாலுக்குக் கூலி தேவை, வேதாரண்யத்தில் வரி தேவை. நம் உழைப்பே வேண்டாம், நாம் இல்லாமல் போனால் போதும் என்று நினைக்கும் ஆட்சியிடம், நம் கையை விலக்குவதால் மட்டும் அவ்வளவு பலன் இருக்காது. அங்கே வேறு யாருடைய கை அவனைத் தாங்குகிறது என்று தேட வேண்டும். 1943 பிப்ரவரி கடைசியில் ஹிட்லரின் பெர்லினில் ரோசன்ஸ்ட்ராஸ தெருவில், பிடித்துவைக்கப்பட்ட யூதக் கணவர்களுக்காக அவர்களின் ஜெர்மானிய மனைவிகள் நாள்கணக்கில் திரண்டு நின்று குரல் கொடுத்தார்கள். அந்த ஆண்களில் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டார்கள். அதற்கு அந்தப் பெண்கள் எவ்வளவு தூரம் காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

தோற்ற இடங்களும் உண்டு. 1960 மார்ச் 21 அன்று தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில், கறுப்பினத்தவர் எப்போதும் வைத்திருக்க வேண்டிய அனுமதிப் புத்தகமான "பாஸ்" புத்தகத்தை எடுத்துவராமல் வந்து எங்களைக் கைது செய்யுங்கள் என்று நின்ற கறுப்பின மக்களைப் போலீஸ் சுட்டது. 69 பேர் செத்தார்கள். இயக்கங்கள் தடை செய்யப்பட்டன. மண்டேலாவும் தோழர்களும் அடுத்த ஆண்டு ஆயுதப் பிரிவு தொடங்கினார்கள். வெளியில் நின்று அவர்களைக் குறை சொல்லும் தகுதி நமக்கில்லை. ஆனால் 1980களில் நிறவெறி அரசை நெருக்கியதில் போர்ட் எலிசபெத் கறுப்பினப் பகுதி மக்கள் வெள்ளையர் கடைகளைப் புறக்கணித்ததற்கும் தொழிலாளர் வேலை நிறுத்தங்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

மொத்தக் கணக்கு என்ன சொல்கிறது? எரிகா செனொவெத், மரியா ஸ்டீபன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1900 முதல் 2006 வரை உலகில் நடந்த 323 பெரும் போராட்டங்களை எடுத்துப் பார்த்தார்கள். வன்முறையற்றவற்றில் 53 சதவீதம் வென்றிருந்தன. ஆயுதப் போராட்டங்களில் 26 சதவீதம். காரணம் சிக்கலானதில்லை. துப்பாக்கி தூக்க உடல் வலுவுள்ள இளைஞர்கள்தான் வர முடியும். கையை விலக்கிக்கொள்ளக் கிழவியும் வரலாம், பள்ளிப் பிள்ளையும் வரலாம், முடி திருத்துகிறவரும் வரலாம்.

இது கற்றுக்கொள்ள வேண்டிய தொழில்

ஒருவன் நம் முகத்தில் துப்பினால் கை தானாக எழும். அதை நிறுத்த நல்ல எண்ணம் மட்டும் போதாது, பழக்கம் வேண்டும். இதை எனக்குத் தெரிந்து மிகத் தெளிவாகச் செய்து காட்டியவர்கள் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில் நகரத்து மாணவர்கள்.

அவர்களின் ஆசிரியர் ஜேம்ஸ் லாசன். கொரியப் போரில் சேர மறுத்து 13 மாதம் சிறையில் இருந்த கறுப்பின இளைஞர். அதன் பிறகு நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரிக்கு வந்து மூன்றாண்டுகள் இருந்து காந்திய வழியைப் படித்தார். பேருந்தில் நிறம் பார்த்து இடம் ஒதுக்குவதை எதிர்த்து அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரத்தில் நடந்த பேருந்துப் புறக்கணிப்புச் செய்தி 1955 டிசம்பரில் அவர் கண்ணில் பட்டதும் நாக்பூர் பத்திரிகையில்தான். ஊர் திரும்பியதும் மார்ட்டின் லூதர் கிங் அவரைத் தெற்குப் பகுதிக்கு உடனே வரச் சொன்னார்.

அன்றைய நாஷ்வில் கடைத்தெருவின் பெரிய கடைகளில் கறுப்பினத்தவர்கள் துணி வாங்கலாம், சாமான் வாங்கலாம். அதே கடைக்குள் இருக்கும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு காபி குடிக்க முடியாது. நம் ஊர் டீக்கடைகளின் இரட்டைக் குவளையை நினைத்துக்கொண்டால் இது உடனே புரியும்.

1959இல் லாசன் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் வகுப்பு தொடங்கினார். டயான் நாஷ், ஜான் லூயிஸ் போன்ற இருபது வயதுப் பிள்ளைகள் வந்தார்கள். நாற்காலிகளைச் சாப்பாட்டு மேசை போல வரிசையாகப் போடுவார்கள். சிலர் அமர்வார்கள். சிலர் வெறிபிடித்த வெள்ளைக்காரக் கூட்டமாக நடிப்பார்கள். வாயில் வராத வசவுகளைச் சொல்லித் திட்டுவது, முகத்தில் சிகரெட் புகை விடுவது, நாற்காலியைப் பின்னாலிருந்து இழுத்துக் கீழே தள்ளுவது. திட்டுகிறவர் நேற்று பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட தோழர். விழுந்தால் தலையை எப்படிக் காப்பது, பக்கத்தில் இருப்பவரை அடித்தால் குறுக்கே விழுந்து அடியை எப்படிப் பகிர்ந்துகொள்வது, அடிப்பவன் கண்ணை எப்படி நேராகப் பார்ப்பது என்றெல்லாம் பழகினார்கள். கோபம் அடங்காதவர்களுக்கு வேறு வேலை இருந்தது. வெளியே நின்று செய்தி சொல்லலாம், வண்டி ஓட்டலாம். அதில் அவமானம் எதுவும் இல்லை.

1960 பிப்ரவரி 13 அன்று உள்ளே போய் உட்கார்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் உடை, கையில் பாடப் புத்தகம். விதிகள் எழுதியே கொடுக்கப்பட்டிருந்தன: திருப்பி அடிக்காதே, திட்டாதே. நிமிர்ந்து உட்கார். மேசையைப் பார்த்தே இரு. தலைவர் சொல்லாமல் இடத்தை விட்டு எழாதே. பரிமாற முடியாது என்றார்கள். புத்தகத்தைத் திறந்து படித்தார்கள். பிப்ரவரி 27 அன்று ஒரு கும்பல் புகுந்து அடித்தது. போலீஸ் வந்து, அடித்தவர்களை விட்டுவிட்டு அடிபட்டவர்களைக் கைது செய்தது. ஒரு வரிசை கைதாகி எழுந்ததும் அடுத்த வரிசை வந்து அதே இருக்கைகளில் உட்கார்ந்தது. 80 பேருக்கு மேல் கைது. நீதிமன்றம் 50 டாலர் அபராதம் போட்டது. கட்ட மாட்டோம், சிறைக்கே போகிறோம் என்றார்கள். அபராதம் கட்டினால் இந்த அநியாயத்தை நடத்த நாங்களே காசு கொடுத்ததாகிவிடும் என்பது டயான் நாஷின் வாதம்.

அப்புறம் ஊர்ப் பெரியவர்கள் தங்கள் கையை எடுத்தார்கள். ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது. நமக்குத் தீபாவளி ஜவுளி எப்படியோ அப்படி அவர்களுக்கு ஈஸ்டர் உடுப்பு. கறுப்பினக் குடும்பங்கள் நகரக் கடைகளில் எதுவும் வாங்குவதில்லை என்று தீர்மானித்தார்கள். கலவரத்துக்குப் பயந்து வெள்ளைக்காரர்களும் வரவில்லை. கடைத்தெரு காற்று வாங்கியது.

ஏப்ரல் 19 விடியற்காலை, மாணவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீட்டில் குண்டு வெடித்தது. அவரும் மனைவியும் உயிர் தப்பினார்கள். அன்றைக்கே மாணவர்களும் ஊர் மக்களுமாகச் சில ஆயிரம் பேர் நகர மன்றத்துக்கு நடந்தார்கள். கோஷம் இல்லை, பேச்சில்லை. காலடிச் சத்தம் மட்டும். படிக்கட்டில் நின்ற மேயர் பென் வெஸ்டிடம் டயான் நாஷ் நேராகக் கேட்டார்: ஒரு மனிதரை நிறத்தை மட்டும் வைத்து ஒதுக்குவது தவறு என்று நீங்கள் நினைக்கிறீர்களா? மேயருக்கு அரசியல்வாதியாகப் பதில் சொல்லித் தப்பிக்க வழி இருந்தது. அவர், ஆமாம், தவறுதான் என்றார். அப்படியானால் சாப்பாட்டு மேசைகளை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டுமா? அதற்கும் ஆமாம் என்றார்.

கடை முதலாளிகளும் மாணவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். முதலாளிகள் தங்கள் ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது என்றும், மாணவர்கள் பக்கம் கூட்டமாக வராமல் சின்னச் சின்னக் குழுக்களாக வருவது என்றும் முடிவானது. மே 10 அன்று ஆறு கடைகளில் கறுப்பின வாடிக்கையாளர்கள் மேசையில் வந்து அமர்ந்து சாப்பாடு கேட்டார்கள். தட்டு வந்தது.